காலநிலை மாற்றத்தப் பத்தி நம்ம திருநெல்வேலித் தமிழ்ல ஒரு ராக் போராட்டப் பாட்டு எழுத முடியுமா?

தம்பி கேட்ட கேள்வி இதுதான். பாளையங்கோட்டைல காலேஜ் படிக்கிற நாலு பசங்க சேர்ந்து ஒரு ராக் பேண்ட் வச்சிருக்காங்க, ரெண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். காலநிலை மாற்றத்தப் பத்தி ஒரு போராட்டப் பாட்டு போடணும்னு ஆசை. எழுதி வச்சிருக்கிற பல்லவி, "பூமித் தாயே அழாதே, பசுமை காப்போம் மறவாதே". மெட்டு நல்லா வந்துருக்கு, ஆனா பாடிக் காட்டுனா கேக்குறவங்க கைதட்டிட்டு போன எடுத்துப் பாக்க ஆரம்பிச்சிருதாங்க. ராக் நம்ம ஊரு காதுக்கு ஒத்துவருமா, பேசாம இங்கிலீஷ்லயே எழுதிரலாமா, இல்ல ராப் பக்கம் போயிரணுமா?

நேராச் சொல்லுதேன். ராக் நல்லாவே ஒத்துவரும், தமிழ்லதான் எழுதணும், அதுலயும் நம்ம ஊரு பேச்சுல எழுதணும். உங்க மெட்டுல கோளாறு இல்ல, பல்லவியிலதான் கோளாறு. யாரு அழுதா, எந்த ஊர்ல அழுதா, என்னைக்கு, யாரால, இது ஒண்ணுமே அதுல இல்ல. போராட்டப் பாட்டுன்னா அதுல ஒரு ஊரு இருக்கணும், ஒரு நாள் இருக்கணும், பதில் சொல்ல வேண்டிய ஒரு ஆளு இருக்கணும். இந்த மூணும் இல்லாம எவ்வளவு சத்தமா கத்துனாலும் அது பள்ளிக்கூடத்துல சுற்றுச்சூழல் தினத்துக்கு பாடுற பாட்டாத்தான் நிக்கும்.

உங்களுக்கு ஊரும் நாளும் தேடி அலையவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை. குமரிக்கடல் பக்கம் ஒரு காத்துச் சுழற்சி நின்னு, மழை விடாம ஊத்துச்சுல்லா, மறுநாள் காலைல அளந்து பாத்தா காயல்பட்டணத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்க பெய்யுற சராசரி மழைய விட அது ஜாஸ்தி. திருச்செந்தூர்ல 69, ஸ்ரீவைகுண்டத்துல 62. தாமிரபரணி ரெண்டு கரையும் தாண்டி ஊருக்குள்ள வந்துருச்சு, திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிருச்சு, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள தண்ணி, பிசானப் பருவத்துக்கு நட்ட நெல்லு தண்ணிக்கடியில, ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைத்தோட்டம் பூரா வெள்ளக்காடு. அன்னைக்கு ராத்திரி திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்கு கிளம்புன செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்லயே நின்னுருச்சு, ஏன்னா அங்கருந்து செய்துங்கநல்லூர் வரைக்கும் உள்ள பாதையில தண்டவாளத்துக்கு அடியில இருந்த ஜல்லியும் மண்ணும் அரிச்சுப் போயி, வெறும் இரும்பு மட்டும் அந்தரத்துல தொங்கிக்கிட்டு நின்னுச்சு. நூத்துக்கணக்கான பேரு உள்ள மாட்டிக்கிட்டாங்க, பக்கத்து ஊர்க்காரங்க சோறு பொங்கிக் கொடுத்தாங்க. அந்தத் தொங்குன தண்டவாளம் ஒண்ணு போதும் தம்பி, ஒரு சரணமே எழுதலாம். அத டிவியில பாத்தவங்க நம்ம ஊர்ல எல்லாரும் இருக்காங்க, பாட்டுல அது வந்த உடனே தலை தூக்கிப் பாப்பாங்க, போன் கீழ போயிரும்.

இங்க ஒரு எச்சரிக்கை. அந்த மழைய காலநிலை மாற்றம் மட்டும்தான் கொண்டுவந்துச்சுன்னு பாட்டுல அடிச்சுச் சொல்லாதீங்க. வடகிழக்குப் பருவமழைல முன்னாடியும் வெள்ளம் வந்துருக்கு, 1992 நவம்பர்ல தாமிரபரணில வந்த வெள்ளத்த பெரியவங்க இன்னைக்கும் பேசுவாவ. குளம் தூர் வாராம கிடந்தது, வாய்க்கால் மேல கட்டடம் வந்தது, ஆத்துல மணல் அள்ளுனது, இதுக்கெல்லாம் பங்கு இருக்கு. ஆனா அடிப்படையில நடக்குறது ரொம்ப எளிமையான இயற்பியல். காத்து ஒரு டிகிரி சூடானா அது பிடிச்சு வைக்கிற ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். கடல் சூடானா ஆவியாகுற தண்ணியும் கூடும். நம்ம இந்தியப் பெருங்கடல் 1950ல இருந்து 2020 வரைக்கும் பத்து வருஷத்துக்கு 0.12 டிகிரி வீதம் சூடாகிக்கிட்டே வந்துருக்கு. அப்பிடி இருக்கும்போது வழக்கமா வர்ற மழைமேகம் வந்தாலும் அது கொட்டுற அளவு கூடும், பெய்யாத நாளு நீளும், பெய்யுற நாள்ல மொத்தமா ஊத்தும். பாட்டுல இத விளக்க வேண்டாம், ஆனா மேடையில மைக் பிடிச்சு யாராவது கேட்டா சொல்லத் தெரிஞ்சிருக்கணும்.

இன்னொன்னு, கிளைமேட் பத்தின பாட்டுன்னு பசங்க எழுதுறதுல பாதிக்கு மேல ஓசோன் ஓட்டையும் பிளாஸ்டிக் கவரும்தான் வருது. ஓசோன் வேற கதை, அதுக்கு 1987ல மாண்ட்ரியல்ல ஒப்பந்தம் போட்டு, காரணமான வாயுக்கள நிறுத்தி, அந்த ஓட்டை இப்ப மெல்ல ஆறிக்கிட்டு வருது. பிளாஸ்டிக் பெரிய கொடுமைதான், ஆனா பூமி சூடாகுறதுக்கு முதல் காரணம் அது இல்ல. முதல் காரணம் நிலக்கரி, பெட்ரோல், டீசல், கேஸ் எரிக்கிறது. தொழிற்சாலைக் காலத்துக்கு முன்னாடி காத்துல கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துல 280 பங்கு இருந்துச்சு, இப்ப 420ஐத் தாண்டிருச்சு. ஹவாய் தீவுல மௌனா லோவா மலைமேல 1958ல இருந்து அளந்துக்கிட்டே வாராங்க, அந்தக் கோடு ஒரு வருஷம் கூட இறங்கல. 2024ஆம் வருஷம் தொழிற்புரட்சிக்கு முந்துன சராசரிய விட சுமார் 1.55 டிகிரி கூடுதல் சூடுன்னு உலக வானிலை அமைப்பு சொல்லிருச்சு. பாரிஸ்ல 2015ல உலக நாடெல்லாம் கூடி 1.5க்குள்ள நிறுத்தப் பாப்போம்னு ஒத்துக்கிட்டாங்கல்லா, ஒரு வருஷக் கணக்குல அத ஏற்கெனவே தாண்டியாச்சு.

சரி, பதில் சொல்ல வேண்டிய ஆளு யாரு? இங்கதான் பாட்டு நிக்குறதும் விழுறதும். "நாம எல்லாரும் தப்பு பண்ணிட்டோம், நாம எல்லாரும் திருந்துவோம்"னு பாடுனீங்கன்னா கேக்க நல்லாருக்கும், ஆனா அது உண்மையும் இல்ல நியாயமும் இல்ல. உடன்குடி தேரிக்காட்டுல விடியக்காலம் பனை ஏறி பதனி இறக்குறவரு இந்த பூமிய சூடாக்கல. தூத்துக்குடி உப்பளத்துல வெயில்ல நின்னு உப்பு வாருற அக்கா சூடாக்கல. காலம் தப்பி மழை பெஞ்சா பதனியும் போச்சு உப்பும் கரைஞ்சு போச்சு, அன்னைக்குக் கூலியும் இல்ல, அடிபடுறது மட்டும் அவங்க. சராசரியா ஒரு இந்தியர் கணக்குல வருஷத்துக்கு சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு, ஒரு அமெரிக்கர் கணக்குல சுமார் 14 டன். இந்தியாவுக்குள்ளயும் அந்த 2 டன் சமமா பிரிஞ்சு கிடக்கல, நாலு கார் வச்சிருக்கிற வீட்டுக்கும் பனை ஏறுற வீட்டுக்கும் எவ்வளவு தூரம்னு நான் சொல்லணும்னு இல்ல. அதனால "நாம" அப்பிடிங்கிற வார்த்தைய கவனமா போடுங்க. அடிபட்டவங்க பக்கம் நிக்கும்போது "நாம" போடுங்க, குத்தம் சொல்லும்போது "நீ" போடுங்க.

நம்ம பக்கத்துலயே கண்ணுக்குத் தெரியிற மாதிரி ரெண்டு காட்சி இருக்கு. தூத்துக்குடில அனல்மின் நிலையம், 210 மெகாவாட் வீதம் அஞ்சு யூனிட், மொத்தம் 1050, 1979ல இருந்து ஓடுது. நிலக்கரியில வீட்டு மீட்டர் கணக்குக்கு ஒரு யூனிட் கரண்ட் எடுத்தா கிட்டத்தட்ட ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிய போகும், அப்பன்னா அந்த நிலையம் முழுசா ஓடுற ஒரு மணி நேரத்துல ஏறக்குறைய ஆயிரம் டன். உடன்குடியில 660 மெகாவாட் வீதம் ரெண்டு யூனிட்டுக்கு புது அனல்மின் திட்டமும் இருக்கு. அதே நேரம் கயத்தாறுலயும் ஆரல்வாய்மொழிக் கணவாய் முப்பந்தல்லயும் கண்ணுக்கெட்டுன தூரம் காத்தாடி சுத்துது, தமிழ்நாட்டுல மட்டும் காத்தாலை 10,000 மெகாவாட்டுக்கு மேல இருக்கு. திருநெல்வேலில இருந்து கோவில்பட்டிக்கு பஸ்ல போனா ஜன்னல் வழியாப் பாக்கலாம். ஒரே சீமைல ரெண்டும். எது வேணும், யாரு முடிவெடுக்கா, இதுதான் உங்க பாட்டோட கேள்வின்னு நான் நினைக்கேன். "கரண்ட்ல கிட்டார் வாசிச்சுக்கிட்டு கரண்டத் திட்டுதீங்களே"ன்னு யாராவது கண்டிப்பா கேப்பாங்க, அதுக்கும் பதில் இதுலயே இருக்கு, எங்களுக்கு கரண்ட் வேணும், அது காத்துல இருந்து வரட்டும்னு கேக்கோம், அந்த முடிவெடுக்கிற இடத்துல நாங்க இல்லையே, அதனாலதான் மேடையில நின்னு கேக்கோம். ஆனா ஒண்ணு, அனல்மின் நிலையத்துல வேலை பாக்குற தொழிலாளிய குத்துற மாதிரி ஒரு வரி கூட வரக்கூடாது. அவரும் நம்ம ஊருதான், வெள்ளத்துல அவரு வீட்டுக்குள்ளயும்தான் தண்ணி வந்துருக்கும்.

ஊரு பேரெல்லாம் போட்டு எழுதுனா வெளியூர்க்காரனுக்கு புரியுமான்னு நீங்க யோசிக்கலாம். ஆஸ்திரேலியாவுல மிட்நைட் ஆயில்னு ஒரு ராக் பேண்ட், 1987ல அவங்க போட்ட பெரிய ஹிட்டு அந்த நாட்டு பூர்வகுடிகளோட நிலத்தத் திருப்பிக் கொடுக்கணும்னு கேட்ட பாட்டு. அதுல வர்ற ஊரு பேரெல்லாம் பாலைவனத்துக்குள்ள கிடக்கிற சின்னச் சின்ன ஊரு, ஆஸ்திரேலியாக்காரங்களுக்கே பாதி பேருக்கு தெரியாது. ஆனா உலகம் பூரா ஓடுச்சு. 22 வருஷம் கழிச்சு, 2009ல கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டுக்கு முன்னாடி, பல நாட்டுக் கலைஞர்கள் சேர்ந்து காலநிலைக்காக ஒரு பாட்டு பாடணும்னு வந்தப்ப அந்தப் பாட்டத்தான் எடுத்தாங்க. அந்தப் புழுதியும் வெக்கையும் அதுல நிஜமா இருந்துச்சு, அதனாலதான் எடுத்தாங்கன்னு நான் நம்புதேன். தமிழ்நாட்டுலயும் பாருங்க, கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரி பாதரசக் கழிவப் பத்தி 2015ல சோஃபியா அஷ்ரஃப் பாடுன ராப், யாருகிட்ட கேக்கோம், என்ன கேக்கோம் ரெண்டும் அதுல பச்சையா இருந்துச்சு. 2016ல அந்த ஃபேக்டரிய வச்சிருந்த யூனிலீவர் கம்பெனி 591 முன்னாள் தொழிலாளிகளோட உடன்படிக்கைக்கு வந்துச்சு. பாட்டு மட்டும் அத வாங்கிக் கொடுக்கல, அந்தத் தொழிலாளிக வருஷக்கணக்கா போராடுனதுதான் அஸ்திவாரம். பாட்டு அவங்க கேள்விய உலகத்துக்குக் கேக்க வச்சுச்சு. உங்க பாட்டும் அந்த வேலைய செஞ்சா போதும்.

போராட்டம்னு சொல்லும்போது இன்னொன்னும் சொல்லணும். இது 1908ல வ.உ.சி.ய கைது பண்ணுனதுக்கு திருநெல்வேலியே கொந்தளிச்ச சீமை. 2018 மே 22ல தூத்துக்குடில சுற்றுச்சூழலுக்காக ஊர்வலம் போனவங்க மேல துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேரு செத்த சீமை. அதனால போராட்டத்த ஸ்டேஜ் அலங்காரமா எடுக்காதீங்க. வீடியோவுக்கு ஆவேசமா இருக்கும்னு அந்தச் சாவுகள சும்மா தொட்டுட்டுப் போறது தப்பு. அந்தக் குடும்பங்க இன்னும் இங்கனதான் இருக்காங்க.

இப்ப இசைக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. நான் கிட்டார் வாசிக்கிறவன், ஊர்க்கோயில் கொடைவிழாக்கள்ல மைக் செட்டுக்குப் பின்னாடி நின்னு சவுண்டும் பாத்தவன், அந்த அனுபவத்துல சொல்லுதேன், ராக்குக்கும் நம்ம கொடைக்கும் நடுவுல நீங்க நினைக்கிற அளவுக்கு தூரம் இல்ல.

முதல்ல பவர் கார்டு. அதுல ரெண்டே சுரம், ச, ப. நடுவுல காந்தாரம் கிடையாது, அதனால அது மேஜரும் இல்ல மைனரும் இல்ல. முழு கார்டு பிடிச்சா காந்தாரம் ஒரே இடத்துல ஆணி அடிச்ச மாதிரி நின்னுரும், நம்ம பாட்டுக்காரங்க காந்தாரத்த அசைச்சு இழுத்துப் பாடும்போது அதோட மோதும். பவர் கார்டுல அந்த மோதல் வராது, சுருதிப்பெட்டி பின்னாடி நிக்கிற மாதிரி ச-ப மட்டும் நிக்கும், மேல ஒப்பாரி மெட்டு எப்பிடி வேணும்னாலும் நெளியலாம். கிட்டார் சத்தத்த கரகரப்பாக்குற டிஸ்டார்ஷன் போட்டா முழு கார்டு கலங்கி சேறாயிரும், பவர் கார்டுதான் தெளிவா நிக்கும், ராக் அத கட்டிப் பிடிச்சதுக்கு காரணமும் அதுதான். அப்பறம் மைனர் பென்டடானிக், ப்ளூஸ்ல இருந்து ராக்குக்கு வந்த அஞ்சு சுரம், அது அப்பிடியே நம்ம சுத்த தன்யாசி ராகத்தோட சுரங்கதான். அதனால நம்ம ஆச்சிக்கும் அந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துண்டு, அந்நியமா கேக்காது.

அடுத்து தாளம். நீங்க எல்லாத்தயும் நாலு நாலா எண்ணுதீங்க. மூணு மூணா எண்ணிப் பாருங்க, தகிட தகிட, சிக்ஸ் எய்ட். கணியான் கூத்துல அடிக்கிற மகுடம்ங்கிற தோல்கருவி கேட்டுருக்கீங்களா? சுடலைமாடன் கொடையில அண்ணாவி பாட, பின்னாடி ரெண்டு பேரு மகுடம் அடிப்பாங்க, ஒண்ணு உச்ச மகுடம், ஒண்ணு மந்த மகுடம், தீயில காட்டி தோலச் சூடேத்தி அடிக்க ஆரம்பிச்சா நெஞ்சுக்குள்ள இடிக்கும். உங்க டிரம்மர அங்க கூட்டிட்டுப் போயி ஒரு ராத்திரி முழுக்க உக்கார வைங்க. மந்தம் அடிக்கிற இடத்துல கிக், உச்சம் அடிக்கிற இடத்துல ஸ்னேர்னு யோசிக்கச் சொல்லுங்க. கிட்டார கடைசி கம்பிய ஒரு சுரம் இறக்கி டிராப் டி வச்சிக்கிடுங்க, ஒத்த விரல்ல பவர் கார்டு வந்துரும், ஒண்ணாவது எண்ணுக்கு திறந்த கம்பி, நாலாவது எண்ணுக்கு மூணாவது ஃபிரெட், அடுத்த சுத்துல நாலாவது எண்ணுக்கு அஞ்சாவது ஃபிரெட். அவ்வளவுதான் ரிஃப். வேகமா ஓடுற அந்த ரிஃப் கோரஸ் வந்த உடனே பாதி வேகத்துக்கு இறங்கணும், அப்பதான் கூட்டம் சேர்ந்து பாடும்.

மகுடத்த பாட்டுலயே சேக்கணும்னா அந்தக் கலைஞர்களையே கூப்பிடுங்க. செல்போன்ல ரெக்கார்ட் பண்ணி சாம்பிள் வெட்டிப் போட்டுட்டு பேரே போடாம விடுறது நடந்துக்கிட்டு இருக்கு, அது திருட்டு. சம்பளம் பேசுங்க, பேரு போடுங்க, போஸ்டர்ல படமும் போடுங்க.

வில்லுப்பாட்டுல இருந்து எடுக்க வேண்டியது வேற ஒண்ணு. முன்னாடி உக்காந்து பாடுறவரு ஒரு வரி சொன்ன உடனே பின்பாட்டுக்காரங்க "ஆமா"ன்னு போடுவாங்கல்லா, அந்த "ஆமா"தான் உங்க கோரஸ். நம்ம ஊர்ல மூணு வயசுப் பிள்ளைல இருந்து எண்பது வயசுத் தாத்தா வரைக்கும் அந்த "ஆமா" எங்க விழும்னு சொல்லிக் கொடுக்காமலே தெரியும். ரெண்டு தடவ கேட்டா மூணாவது தடவ கூட்டமே போட்ரும்.

வரிக்கு வருவோம். இங்கிலீஷ் ராக்கக் கேட்டு கேட்டு நீங்க ரைமெல்லாம் வரிக் கடைசியில வைக்கீங்க, அழாதே, மறவாதேன்னு. நம்ம பாட்டுல பலம் வரி ஆரம்பத்துல இருக்கு, எதுகையும் மோனையும். அத ஆரம்பத்துல வச்சு, அதே இடத்துல சிம்பலும் கிட்டாரும் சேர்ந்து விழுந்தா வரி காதுல அறையும். நான் சும்மா ஒரு மாதிரிக்கு எழுதிப் பாத்தது இது, ஒப்பாரி இழுவையில பாடிப் பாருங்க, பின்னாடி கிட்டார் சத்தம் அடங்கி இருக்கணும்:

காயல்பட்டணத்து வானம் கிழிஞ்சு போச்சே
வாயில வச்ச சோறு வெள்ளம் கொண்டு போச்சே
ஒரு வருசத்து மழையெல்லாம் ஒரே நாள்ல கொட்டிருச்சே
தெருவுல படகு போச்சே தெய்வமே முங்கிருச்சே

காயல், வாயில, ஒரு, தெரு, எல்லாம் முன்னாடியே விழுது பாருங்க. வரி முடியிறது ஏகாரத்துல, இழுக்கலாம். அடுத்து டிரம்ஸ் நிறுத்தி ஒரு மூச்சு விட்டு கோரஸ்:

கரி எரிச்சது யாரு? யாரு?
கரை ஒடஞ்சது யாருக்கு? யாருக்கு?
கணக்குச் சொல்லுலே! ஆமா!
கண்ணப் பாத்துச் சொல்லுலே! ஆமா!

இதுல பாடகர் கவனிக்க வேண்டியது, கத்திப் பாடுற இடத்துல வார்த்தை உகரத்துலயோ மெய்யிலயோ முடிஞ்சா தொண்டை அடைச்சுக்கிடும், "வெள்ளம்"னு கத்திப் பாருங்க, வாய மூடுனாத்தான் வார்த்தை முடியும், டிஸ்டார்ஷனுக்கு முன்னாடி குரல் செத்துரும். ஆ, ஏ, ஓ, இந்த மூணுலயும் முடிஞ்சா நாலு தெரு கேக்கும். "யாரு"ல "யா"வ பிடிச்சு நில்லுங்க, "ரு"வ கூட்டத்துக்கு விட்டுருங்க. அந்த "லே" இருக்கு பாத்தீங்களா, வேற எந்த ஊரு ராக் பேண்டுக்கும் கிடைக்காத சொத்து அது, நீளமா முடியுது, மரியாதையும் கொடுக்காது. கரி எரிக்க முடிவெடுக்கிற அதிகாரத்தப் பாத்து மட்டும் அந்த "லே"வ வீசுங்க. சரணத்துல வர்ற பனையேறிக்கும் உப்பள அக்காவுக்கும் "நீங்க", "வாங்க"தான். இந்த ஒரு வித்தியாசத்த வச்சே பாட்டு யாரு பக்கம்னு எவனும் விளக்காமலே தெரிஞ்சிரும்.

ரெண்டாவது சரணம் கடலுக்குப் போகலாம்னு நினைக்கேன். மன்னார் வளைகுடாவுல 21 தீவு, அதுல ரெண்டு ஏற்கெனவே முங்கிருச்சு, தூத்துக்குடி பக்கத்து வான் தீவு தேஞ்சு தேஞ்சு, அலையத் தடுக்க செயற்கைப் பாறை இறக்கிக் காப்பாத்த வேண்டிய நிலைமைக்கு வந்துச்சு. அங்க பவளப்பாறைய வெட்டி எடுத்தது பெரிய காரணம், அதோட கடல் சூடாகி பவளம் வெளுத்துப் போறதும் சேர்ந்துக்கிட்டு, 2010லயும் 2016லயும் பெரிய அளவுல வெளுத்துச்சு. புன்னக்காயல்ல தாமிரபரணி கடல்ல சேருதுல்லா, முதல் சரணத்துல மலைல பெஞ்ச தண்ணி ஊரு வழியா ஓடி ரெண்டாவது சரணத்துல அங்க வந்து சேர்ந்தா பாட்டுக்கு ஒரு ஓட்டம் கிடைச்சிரும், பொதிகைல ஆரம்பிச்சு புன்னக்காயல் வரைக்கும். மூணாவது சரணம் வேண்டாம். நாலு நிமிஷத்துக்கு மேல போனா கோபம் நீர்த்துப் போகும், ரெண்டாவது சரணத்துக்குப் பொறவு ஒரு கிட்டார் சோலோ, அதுவும் சுத்த தன்யாசியில நின்னு, அதோட கோரஸ் ரெண்டு சுத்து.

கோரிக்கை ஒண்ணே ஒண்ணு வைங்க. புதுசா கரி உலை வேண்டாம்னு கேக்கலாம், இல்ல பருவமழைக்கு முன்னாடி குளமும் வாய்க்காலும் தூர் வாரணும்னு கேக்கலாம், இல்ல வெள்ளத்துல போன வாழைக்கும் உப்பளக் கூலிக்கும் இழப்பீடு கேக்கலாம். மூணும் நியாயம், ஆனா மூணையும் ஒரே பாட்டுல அடைச்சா மூணும் கேக்காது. நான் கேட்டா கரியத்தான் கேப்பேன், ஏன்னா மத்த ரெண்டும் வந்த அடிக்கு மருந்து, இது அடிக்கிற கை. ஆனா உங்க பேண்டுல ஒருத்தர் வீடு வாய்க்கால் ஓரமா இருந்து, தூர் வாராததால தண்ணி வந்துருந்தா, அவரு எழுதுற பாட்டு என் யோசனைய விட நல்லாருக்கும், அதையே பாடுங்க.

மரம் நடுவோம்னு வரி ஏதும் இருந்தா எடுத்துருங்க. மரம் நல்லது, நடணும், ஆனா ஒரு மணி நேரத்துல ஆயிரம் டன் விடுற புகைக்கு ஒரு கன்னு பதில் ஆகாது, அந்த வரி இருந்தா கேக்குறவரு நிம்மதியா வீட்டுக்குப் போயிருவாரு, அந்தக் கேள்வி அங்கனயே முடிஞ்சிரும்.

இங்கிலீஷ்ல எழுதலாமான்னு கேட்டீங்க, வேண்டாம். இங்கிலீஷ்ல பாடுனா மெட்ராஸ்லயும் பெங்களூர்லயும் நாலு பேரு பாராட்டுவாங்க, வெள்ளம் பாத்த ஏரல்காரருக்கு போய்ச் சேராது. ராப் பத்தி, உங்க பாடகருக்கு வேகமா பேசுற நாக்கு இருந்தா நடுவுல எட்டு வரி வைங்க, டிசம்பர் 17 ராத்திரி மணிவாரியா என்ன நடந்துச்சுன்னு அதுல அடுக்கலாம். அதுக்காக கிட்டார தூக்கிப் போட வேண்டாம்.

சவுண்ட் விஷயம் சீக்கிரம் சொல்லிருதேன். நம்ம ஊரு மேடைல குரல் புரியாமப் போறதுக்கு ரெண்டு காரணம், கிட்டார் ஆம்ப்ல கரகரப்பக் கூட்டுற கெயின் திருகாணிய ரொம்பத் திருப்பி வைக்கிறது, அப்பறம் மிக்சர்ல கிட்டாரையும் குரலையும் ஒரே இடத்துல போட்டு மோத விடுறது. வீட்டுல தனியா வாசிக்கும்போது நல்லாருக்கிற டிஸ்டார்ஷன்ல பாதி வச்சா மேடைல போதும். 2ல இருந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கிட்டார கொஞ்சம் குறைச்சு குரலுக்கு வழி விடுங்க, வார்த்தையோட மெய்யெழுத்து அங்கதான் கேக்கும். 250 ஹெர்ட்ஸ் பக்கம் மந்த மகுடமும் பேஸ் கிட்டாரும் அடிச்சுக்கிடும், ரெண்டுல ஒண்ண குறைங்க, நான் பேஸத்தான் குறைப்பேன். போராட்டப் பாட்டுல வரி புரியலன்னா மத்ததெல்லாம் வீண்.

முதல் தடவ காலேஜ் ஆடிட்டோரியத்துல பாடாதீங்க. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர், காயல்பட்டணம், இதுல ஏதாவது ஒரு ஊர்ல, வெள்ளம் பாத்தவங்க முன்னாடி பாடுங்க. பாடுறதுக்கு முன்னாடி அங்க போயி நாலு பேருகிட்ட உக்காந்து வரிய வாசிச்சுக் காட்டுங்க, "அப்பிடி நடக்கலப்பா"ன்னு ஒரு அண்ணாச்சி சொன்னா அந்த வரிய அங்கனயே மாத்துங்க. மைக்குக்கு போலீஸ் ஸ்டேஷன்ல முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கணும், ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி போடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, அதனால சாயங்காலம் 6 மணிக்கே ஆரம்பிச்சிருங்க. வரி முழுசா எழுதி முடிச்ச பொறவு அனுப்புங்க, தாளத்தோட உக்காந்து பாத்துச் சொல்லுதேன்.